வேலை தேடிக் கொடுத்தவனின் வயிற்றெரிச்சல்

அடுத்தவருக்கு வேலை தேடிக் கொடுக்கிற தொழிலில் ஒரு சங்கடம் உண்டு. நாம் சேர்த்துவிட்ட ஆள் போன இடத்தில் நன்றாக இல்லையென்றால் நம்மிடமே திரும்பி வந்துவிடுவார். நன்றாக இருந்துவிட்டாலோ நமக்கு வயிறு எரியும்.

அறுபதுகளின் கடைசியில் மாத்தளையில் ஒரு நலச்சங்கத்தில் மூன்றரை வருஷம் இந்த வேலை பார்த்தேன். கை, கால், கண், காது என்று ஏதாவது ஒன்றை இழந்தவர்களின் பெயரைப் பதிந்து, டவுனிலும் சுற்றுவட்டாரத்திலும் அவர்களுக்கு வேலை பிடித்துக் கொடுக்க வேண்டும். ஊரில் எல்லாரும் என்னைப் புண்ணியவான் என்றுதான் நினைத்தார்கள். இதே தொழிலில் செருப்புத் தேய்ந்தவர்களே, நீங்கள் அப்படி நினைக்க மாட்டீர்கள் என்பதால் உங்களிடம் சொல்கிறேன்.

பதினான்கு படி

சங்கத்தின் அறை பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு தேத்தண்ணிக் கடைக்கு மேல்மாடியில் இருந்தது. ஏறுவதற்குப் பதினான்கு படி, பிடித்துக்கொள்ள ஒரு கயிறு. நடக்க முடியாதவர்களுக்கு உதவி செய்ய வந்த சங்கம் ஏன் மாடியில் அறை பிடித்தது என்று கேட்பீர்கள். நானும் முதல் வாரம் கேட்டேன். பிறகு பழகிவிட்டது. ஜன்னலோரம் மேசை, நல்ல காற்று, கீழே நடப்பதெல்லாம் தெரியும். எனக்கென்று ஒரு மேசையும் அதற்குப் பின்னால் கைப்பிடி வைத்த நாற்காலியும் கிடைத்தது வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை.

ஒரு நாள் பல்லேபொலயிலிருந்து ஒரு தையல்காரர் வந்தார். சின்ன வயதில் காய்ச்சலில் கால் போனவர். படியில் உட்கார்ந்து, பின்பக்கமாகக் கையை ஊன்றி, ஒவ்வொரு படியாக ஏறி வந்து சேரக் கால் மணி நேரம் ஆயிற்று. அவர் மூச்சு வாங்கி முடிக்கும்முன்பே நான் பேனா மூடியைத் திறந்து, என்ன விஷயமாக வந்தீர்கள் என்று கேட்டேன். அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "வேல கேட்டுத்தாங்க வந்தேன். மல ஏறணும்னு இருந்தா ஏதாச்சும் கோயிலுக்குப் போயிருப்பேன்."

கடை திறக்கிற நேரம்

நான் நேரம் தவறாதவன். கடை திறந்ததுமே போனால் முதலாளி நிதானமாகப் பேசுவார் என்பது என் கணிப்பு. அதனால் வேலை கேட்டு வந்தவரைக் குளித்து, திருநீறு பூசி, சலவைச் சட்டையோடு வரச் சொல்லி, கடைப்பலகை கழற்றுகிற நேரத்துக்குச் சரியாக வாசலில் கொண்டுபோய் நிறுத்துவேன். சாம்பிராணி காட்டிவிட்டு, இன்றைக்கு முதல் வியாபாரம் நல்ல கைராசிக்காரர் கையால் நடக்க வேண்டுமே என்று முதலாளி வாசலைப் பார்ப்பார். அங்கே ஊன்றுகோலோடு ஒருவரும், கையில் கடிதத்தோடு நானும் நிற்போம். பாதிப் பேர் நான் வாய் திறப்பதற்குள் பத்துச் சதத்தைக் கொடுத்து அனுப்பிவிடுவார்கள். ஒருவர் அவசரத்தில் அதை என் கையிலேயே வைத்தார்.

இப்படியே ஏறக்குறைய இரண்டு வருஷம் நடந்தேன். மாத்தளை வியாபாரிகளுக்கு இரக்கம் என்பதே கிடையாது என்று கண்டியில் இருந்த தலைமைச் சங்கத்துக்கு அறிக்கை எழுதினேன். புடவைக்கடை முதலாளி ஒருவர்தான் மனம் பொறுக்காமல் என்னை ஓரமாகக் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னார். அவரும் வேலை கொடுக்க மனமில்லாமல் சாக்குச் சொல்கிறார் என்றே நான் நினைத்தேன். அவர் சொன்னது இவ்வளவுதான்: "ஆளு நல்ல ஆளாத்தான் இருப்பாரு தம்பி. ஆனா நீங்க கூட்டிட்டு வர்றப்ப எல்லாம் இன்னும் போணி ஆகலையே."

கீழே இறங்கிய மேசை

சன்னாசி இரத்தோட்டைக்கு மேலே ஒரு தோட்டத்தில் தேயிலை ஃபெக்டரியில் வேலை செய்தவன். உருளை மெஷினில் இடது கை முழங்கை வரை போயிருந்தது. என்னிடம்தான் பதிய வந்தான். இருபத்தெட்டு வயது, எட்டாம் வகுப்பு, வாயில் எப்போதும் ஒரு சிரிப்பு. நான் அவனை எங்காவது காவல் வேலைக்கு அனுப்பலாம் என்று எழுதி வைத்தேன். கண்டியிலிருந்து வந்த எங்கள் சங்கச் செயலாளர் அம்மா, ஓய்வு பெற்ற தலைமையாசிரியை, அந்தத் தாளைப் பார்த்துவிட்டு, ஊரெல்லாம் வேலை கொடுங்கள் என்று கேட்கிற நாம் ஒருவருக்கும் கொடுக்கவில்லையே என்றார். சன்னாசியை எனக்கு உதவியாளாகப் போட்டுவிட்டுப் போனார்.

வந்த மறுநாளே அவன் கீழே போய்த் தேத்தண்ணிக் கடைக்காரரிடம் ஏதோ பேசினான். சாயங்காலம் என் மேசை கடை விறாந்தையின் ஓரத்தில் இருந்தது. ஒற்றைக் கையால் அவன் ஒரு பக்கம் தூக்க, இரண்டு கையாலும் நான் மறுபக்கம் தூக்கிக்கொண்டு படியில் இறங்கினேன். அடுத்த வாரம் பதிய வந்தவர்கள் அதற்கு முந்தைய மூன்று மாசத்தில் வந்தவர்களைவிட அதிகம். அந்தக் கூட்டத்தைப் பார்த்து எனக்குச் சந்தோஷம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. போதாக்குறைக்குக் கடைக்காரர் எனக்குத் தேத்தண்ணி வைத்துக்கொண்டே சொன்னார், "ரெண்டு வருஷமா மேல உக்காந்திருந்தீங்க. ஒரு தடவ கேட்டிருந்தா நானே எடம் தந்திருப்பேனே ஐயா."

பேசாத சலூன்

கதிரேசனுக்குக் காது கேட்காது, பேச்சும் இல்லை. எட்டு மாசமாக அவரைக் கடை கடையாகக் கூட்டிப்போயிருந்தேன். அவர் பெயருக்கு நேரே, தொழில் அனுபவம் ஒன்றுமில்லை என்று என் கையெழுத்தில் இருந்தது. ஒரு நாள் அவர் தன் மகனோடு வந்திருந்தார். சன்னாசி பையனின் தலையையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு விரலைக் கத்தரிபோல அசைத்து, யார் வெட்டியது என்று கேட்டான். கதிரேசன் தன் நெஞ்சைத் தட்டிக் காட்டினார். தோட்டத்தில் வரிசை வீடுகளான லயம் ஒன்று முழுக்க அவர்தான் முடி வெட்டுவாராம். அது ஒரு தொழில் என்று அவருக்குத் தோன்றவில்லை. கேட்க வேண்டும் என்று எனக்கும் தோன்றவில்லை.

சன்னாசி காலையில் எந்தக் கடைக்கும் போக மாட்டான். போணி ஆகி, முதலாளி சாப்பிட்டு, ஒரு வெற்றிலையும் போட்ட பிறகு, மூன்று மணிக்குத்தான் போவான். கடிதம் கிடையாது. பாவம் என்ற சொல் அவன் வாயில் வராது. "ஒங்க கடையில எந்த வேலைக்கு ஆளு நிக்க மாட்டேங்குது?" என்று கேட்பான். ரயில் ஸ்டேஷன் ரோட்டு சலூன்காரர், தன்னிடம் வருகிற வேலையாட்கள் எல்லாரும் அரசியல் பேசி வாடிக்கையை விரட்டுகிறார்கள் என்று அழுதார். அடுத்த திங்கட்கிழமை கதிரேசன் அங்கே இருந்தார்.

நானும் அங்கேதான் முடி வெட்டிக்கொள்வேன். தீபாவளிக்கு முன் போனபோது கதிரேசன் நாற்காலிக்கு மட்டும் ஐந்து பேர் காத்திருந்தார்கள். அவர் என்னைப் பார்த்துக் கும்பிட்டார். நான் பதிலுக்குத் தலையாட்டினேன், ஆனால் மனசு முழுக்கச் சன்னாசியைத் திட்டிக்கொண்டிருந்தேன். எட்டு மாசம் நடந்தது என் கால். கும்பிடு வாங்க வேண்டியது நான் மட்டும் அல்லவா? பக்கத்தில் காத்திருந்த பொலிஸ் சார்ஜன்ட் கால் நீட்டிக்கொண்டு சொன்னார், "ஊரிலேயே கண்ண மூடிக்கிட்டு நிம்மதியா ஒக்கார்ற எடம் இது ஒண்ணுதான். எந்தப் புண்ணியவான் சேர்த்துவிட்டானோ."

ஒரே நாற்காலி

மாசித் தேர் முடிந்த கையோடு செயலாளர் அம்மா மறுபடி வந்தார். மாத்தளைக்கு இனி ஒரே ஆளைத்தான் வைத்துக்கொள்ள முடியும் என்றார். யார் சேர்த்துவிட்டவர்கள் வேலையில் நிலைத்திருக்கிறார்களோ அவருக்கு இடம் நிரந்தரம்; ஆடியில் வந்து பார்த்து முடிவு சொல்வதாகச் சொல்லிவிட்டுப் போனார்.

எனக்கு மனைவி, இரண்டு பெண் பிள்ளைகள். சன்னாசிக்கும் ஒரு தாய் இருந்தாள், ஆனால் அதை நினைக்க எனக்கு அப்போது நேரமில்லை. மாசக்கணக்கில் யாராலும் வேலை பிடிக்க முடியாமல் கிடந்த பாக்கியத்தின் தாளை எடுத்து, நீயே பார் தம்பி என்று தாராளமாக அவன் கையில் கொடுத்தேன். பாக்கியம் அவன் பக்கத்துத் தோட்டத்துப் பெண். அம்மையில் இரண்டு கண்ணும் போனவள். இந்த ஒன்றிலாவது அவன் மண்ணைக் கவ்வ வேண்டும் என்று முத்துமாரியம்மன் வாசலில் நின்று வேண்டிக்கொண்டேன் என்றால் நம்புவீர்களா? வீட்டில் அதைச் சொல்லவில்லை. ஆனாலும் என் மனைவி சோறு போட்டுக்கொண்டே கேட்டாள், "ஒங்க மொகம் ஏன் இவ்வளவு சந்தோஷமா இருக்கு? யாருக்கு என்ன கெடுதல்?"

சாதிக்காய்

சன்னாசி பாக்கியத்தை ஒரு ஹாஜியாரின் சரக்குக் கடைக்குக் கூட்டிப்போனான். கராம்பு, ஏலம், மிளகு, சாதிக்காய் என்று எல்லாம் வந்து குவிகிற பெரிய ஸ்டோர். சாதிக்காய் ஓட்டுக்குள் நன்றாகக் காய்ந்திருந்தால், ஆட்டும்போது உள்ளே பருப்பு கலகலக்கும். ஈரம் இருந்தால் சத்தம் வராது, உடைத்தால் வீண். ஒவ்வொன்றாகக் காதருகே ஆட்டிப் பிரிக்க வேண்டும். அந்த வேலைக்குத்தான் அங்கே ஆள் நிற்பதில்லை.

முதல் இரண்டு நாள் பாக்கியம் பிரித்ததில் பாதி தப்பு. கேள்விப்பட்டதும் எனக்கு அன்றைக்கு இரண்டு இடியப்பம் அதிகமாக இறங்கியது. மூன்றாம் நாள் அவளே ஹாஜியாரிடம், தன்னை லொறி ஏற்றுகிற வாசலிலிருந்து எடுத்துப் பின்கட்டில் உட்கார வைக்கச் சொன்னாளாம். வாசலில் லொறிச் சத்தமும் மூட்டை தூக்குகிறவர்களின் கூச்சலும். காய் பேசுவது கேட்கவில்லை என்றாளாம். பின்கட்டுக்குப் போன பிறகு அவள் தட்டில் தப்பே இல்லை. இரண்டு வாரம் கழித்து ஹாஜியார் பள்ளிவாசலுக்குப் போகிற வழியில் என்னைப் பார்த்துவிட்டுத் தெருவைக் கடந்து வந்தார். "அந்தப் புள்ள வேலைக்கு வந்ததுல இருந்து ஒரு மூட்டையும் திரும்பி வரல்ல தம்பி. ஒங்கட ஆபீஸ்ல அந்த ஒத்தக் கைத் தம்பி ஈக்கிறாரே, அவரு கெட்டிக்காரன்."

ஒரு சொல்

இனிச் சொல்லப்போவது எனக்குப் பெருமையான விஷயம் அல்ல. பாக்கியத்தைக் காலையில் அவள் அண்ணன் இரத்தோட்டையில் பஸ் ஏற்றிவிடுவான். மாத்தளையில் சன்னாசி இறக்கி, கடை வரை கூட்டிப்போவான். சாயங்காலமும் அவனே பஸ் ஏற்றுவான். ஒரு சனிக்கிழமை அவள் அண்ணனைச் சந்தையில் பார்த்தேன். நான் பொய் ஒன்றும் சொல்லவில்லை. "ஒங்க தங்கச்சிய தெனமும் சன்னாசிதான் கையப் புடிச்சிக் கூட்டிட்டுப் போறாப்ல. கல்யாணமாகாத பையன். ஊர்ல நாலு பேரு பார்ப்பாங்க இல்லையா," என்றேன். அவ்வளவுதான். சொல்லிவிட்டு கொஞ்சம் கத்தரிக்காயும் வாங்கிக்கொண்டு வந்தேன்.

திங்கட்கிழமை பாக்கியம் வரவில்லை. செவ்வாயும் இல்லை. புதன்கிழமை சன்னாசி தோட்டத்துக்குப் போய்விட்டுச் சிரிப்பில்லாத முகத்தோடு வந்தான். அண்ணன் அவனை லயத்து வாசலிலேயே நிறுத்தி அனுப்பிவிட்டானாம். வெள்ளிக்கிழமைக்குள் வராவிட்டால் வேறு ஆளைப் போடுவேன் என்று ஹாஜியார் சொல்லியனுப்பியிருந்தார். எனக்கு இடம் கிடைக்கிற நேரம். ஆனால் அன்றிரவு சோறு இறங்கவில்லை. சன்னாசி தோற்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன். அந்தப் பெண் மறுபடி இருட்டு அறையில் ஒரு மூலையில் உட்கார வேண்டும் என்று ஆசைப்படவில்லை. ஒன்று இல்லாமல் மற்றது நடக்காது என்பது எனக்குத் தெரிந்துதான் இருந்தது.

வியாழக்கிழமை நானே தோட்டத்துக்குப் போனேன். அண்ணன் பறித்த கொழுந்தை எடை போட்டுவிட்டு வந்து நின்றான். சன்னாசி மேல் ஒரு குற்றமும் இல்லை, எனக்கு அவன் மேல் இருந்த வயிற்றெரிச்சலில் சொன்னது என்று சொல்லிவிட்டேன். அடிப்பான் என்றுதான் நினைத்தேன். அவன் நெடுநேரம் என் சட்டைப் பையில் இருந்த பேனாவைப் பார்த்துக்கொண்டிருந்தான். பதில் உள்ளேயிருந்து பாக்கியத்திடமிருந்து வந்தது. "கிளாக்கர் ஐயா, ஒங்களுக்குக் கல்யாணமாயி புள்ளகுட்டி இருக்குல்ல. அப்ப இனிமே நீங்களே வந்து காலையிலயும் அந்தியிலயும் என்னக் கூட்டிட்டுப் போங்க."

துணைக்குப் போனவன்

போனேன். மழையிலும் வெயிலிலும் ஏழரை மணி பஸ்ஸுக்கு நின்றேன். சாயங்காலம் ஐந்துக்கு மறுபடி நின்றேன். என் தோளைப் பிடித்துக்கொண்டு அவள் கடைத்தெருவில் நடப்பாள். மூன்றாவது வாரத்தில், பேக்கரி வாசனை வந்ததும் எங்கே திரும்ப வேண்டும் என்று அவளே எனக்குச் சொன்னாள். சன்னாசி, ஏன் அண்ணே திடீரென்று இந்த வேலை என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். என் போட்டியாளன் ஜெயிப்பதற்கான ஆளை நானே தினமும் இரண்டு தடவை கூட்டிப்போய் விடுகிறேன் என்ற நினைப்பு ஒவ்வொரு அடியிலும் குத்தியது. ஆனாலும் ஒரு நாளும் தவறவில்லை; அந்த ஒன்றை மட்டும் எழுதி வைத்துவிடுகிறேன்.

ஆடியில் செயலாளர் அம்மா வந்தார். சலூனைப் பார்த்தார். கதிரேசனின் வேலையைப் பார்த்துத் தலையை ஆட்டினார். ஹாஜியாரின் ஸ்டோரில் பாக்கியம் முழு வேகத்தில் காய் ஆட்டிக்கொண்டிருந்தாள். இவளை யார் கொண்டுவந்து சேர்த்தது என்று அம்மா கேட்க, ஹாஜியார் சன்னாசியைக் காட்டினார். நான் பக்கத்தில் நின்று தொண்டையைச் செருமினேன். ஹாஜியார் நல்ல மனிதர், என்னையும் விட்டுவிடக் கூடாது என்று நினைத்தார். "இந்தத் தம்பியும் லேசுப்பட்டவரல்ல அம்மா. ஒரு நாளும் விடாமக் கூட்டி வாறாரு. ஒங்கட பியூன்தானே?"

பதிய முடியாத ஆள்

நாற்காலி சன்னாசிக்குப் போயிற்று. மாசக் கடைசியில் நான் என் பேனாவை எடுத்துக்கொண்டு விறாந்தையை விட்டு இறங்கினேன். இரண்டு வாரம் வீட்டில் இருந்தேன். மனைவி பிள்ளைகளை என்னிடம் எதுவும் கேட்க விடவில்லை. மூன்றாம் வாரம் வெட்கத்தை விட்டுச் சன்னாசி முன்னால் போய் நின்று, எனக்கும் எங்காவது பார் தம்பி என்றேன். அவன் எழுந்து நின்று, என்னை அந்த நாற்காலியில் உட்காரச் சொன்னான். நான் எதிரே கிடந்த பெஞ்சிலேயே உட்கார்ந்தேன். "நம்ம புத்தகத்துல ஒங்களப் பதிய முடியாதே அண்ணே. கை, காலு, கண்ணு எல்லாம் சரியா இருக்கு," என்றான் உண்மையான வருத்தத்தோடு. பிறகு, பதியாவிட்டால் என்ன, எழுந்து வாருங்கள் என்று என்னைக் கூட்டிக்கொண்டு ஹாஜியாரின் ஸ்டோருக்குப் போனான்.

கொழும்புக் கம்பெனிகளுக்குக் கடிதம் எழுத, மூட்டைகளின் மேல் சிங்களத்திலும் தமிழிலும் பெயர் எழுத அவருக்கு ஆள் தேவையாக இருந்தது. நான் வாசலில் மூட்டையோரமாக நின்றேன். சன்னாசி அவரோடு மெதுவாகப் பேசினாலும் எனக்குக் கேட்டது. "நீங்க சும்மா ஆள் கொண்டு வாற ஆளில்லியே தம்பி. இவருக்கு என்ன கொற?" என்று ஹாஜியார் கேட்டார். சன்னாசி சொன்னான், "கொறன்னு பெருசா ஒண்ணுமில்லீங்க மொதலாளி. மத்தவங்க நல்லா இருந்தா இவருக்குக் கொஞ்சம் மனசு நோகும். ஆனா தப்பு செஞ்சா தானே நடந்து போயிச் சரி பண்ணிட்டு வந்துருவாரு."

அவனுக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது. எத்தனை நாளாகத் தெரியும் என்று நான் இதுவரை கேட்கவில்லை. எனக்கு நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. மூட்டையின் தையலையே பார்த்துக்கொண்டு நின்றேன். ஹாஜியார் தாடியைத் தடவிக்கொண்டு பக்கத்துச் சரக்குக் கடையை ஒரு தடவை எட்டிப் பார்த்தார். அங்கே இரண்டு லொறி நின்றது. "அது இந்தத் தெருவுல எல்லாருக்கும் ஈக்கிது தம்பி, எனக்கும் சேர்த்துத்தான். நாளைக்கு வரச் சொல்லுங்க."

அந்தக் கடையில் பதினேழு வருஷம் நிம்மதியாக உழைத்தேன், ஆனால் என்னை வேலையில் சேர்த்துவிட்ட பேரும் சன்னாசிக்கே போய்விட்டதே என்று நினைத்தால் இன்றைக்கும் வயிறு எரியத்தான் செய்கிறது.